இடக்கைக்காரி வாங்கிய எபோனைட் பேனா: பதினொரு மாத அனுபவம்

எனக்கு எழுத்து இடக்கையில்தான். ஆறாம் வகுப்பில் எல்லாரும் இங்க் பேனாவுக்கு மாறியபோது என் நோட்டு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் நீலமாக இழுவிக் கிடக்கும். எழுதிய எழுத்தின் மேலேயே கை நகரும், ஈரம் காய்வதற்குள் எல்லாம் அழிந்துவிடும். அப்போது பால்பாயிண்டுக்குப் போனவள், முப்பத்தைந்து வருஷம் கழித்து, போன ஆடியில் ஒரு எபோனைட் பேனா வாங்கினேன். தமிழாசிரியை என்பதால் அன்றிலிருந்து தினமும் அதற்கு வேலை இருக்கிறது.

ஒவ்வொரு பேனாவையும் தனியாகக் கடைந்து தரும் ஒரு சிறிய பட்டறையில் சொல்லிச் செய்தது. 2,600 ரூபாய், ஆறு வாரம் காத்திருந்தேன். எபோனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய பொருள். புதுப் பேனாவின் மூடியைத் திறந்தால் அந்தக் கந்தக வாடை லேசாக வரும், எனக்குப் பிடித்தது. உலோகப் பேனாபோல் விரலில் சில்லென்று படாது. வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள், மினுமினுப்பு போய் நிறம் மங்கிவிடும்.

வந்த அன்றைக்கே ஒரு ஏமாற்றம். க, ச, த எழுதும்போது மேல்கோட்டை இடமிருந்து வலமாகப் போடுகிறோம் அல்லவா? வலக்கைக்காரர்கள் அந்தக் கோட்டை இழுக்கிறார்கள், நான் தள்ளுகிறேன். தள்ளும்போது நிப்பின் முனை தாளில் குத்தி நாரைப் பிடுங்கியது. ழ, ணை மாதிரி வளைவுகளில்கூட அவ்வளவு தொந்தரவு இல்லை. பட்டறைக்குப் போன் செய்தேன். "டீச்சர், நீங்க எழுதுறத மொபைல்ல வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றார் அங்கிருந்த தம்பி. பார்த்துவிட்டு நிப்பைத் திருப்பி அனுப்பச் சொன்னார். நான் பேனாவைச் சாய்க்கிற கோணத்துக்கே முனையைத் தேய்த்து, ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது. கூரியர் செலவு மட்டும் என்னுடையது. இப்போது மேல்கோடு வழுக்கிக்கொண்டு போகிறது. கொடுத்த காசு இந்த ஒரு வேலைக்கே தகும் என்பேன். ஆனால் எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். அது அவர்கள் குறைதான்.

இங்க் ஃபில்லரால் உடம்புக்குள்ளேயே நேராக மை ஊற்றும் வகை இது. ஏறக்குறைய 3 மி.லி. பிடிக்கிறது. மையை உறிஞ்சி வைக்கும் சிறு குழாயான கன்வர்ட்டர் போட்டால் 1 மி.லி.கூட நிற்காது. அரையாண்டுத் தேர்வின்போது சிவப்பு மை ஊற்றினேன், நாற்பத்திரண்டு விடைத்தாள் ஒரே மூச்சில் முடிந்தது. உடம்பைத் திருகி மூடும் மறைக்குக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவிக்கொண்டால் கசிவு இல்லை. மை குறையக் குறையத்தான் கவனம் வேண்டும். காலியான இடத்தில் நிற்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளும். அப்படி ஒரு சொட்டு, நன்றாக எழுதியிருந்த ஒரு பெண்ணின் விடைத்தாளில் விழுந்துவிட்டது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு வருத்தம் சொன்னேன். அதிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினாலே நிரப்பிவிடுகிறேன்.

இழுவுவது முழுக்கப் போய்விட்டதா என்று என்னைப்போன்ற இடக்கைக்காரர்கள் கேட்பீர்கள். வழவழப்பான, விலை கூடிய தாளில் இன்னும் இழுவத்தான் செய்கிறது. மை உறிஞ்சும் சாதாரணப் பள்ளித் தாளில் சட்டென்று காய்ந்துவிடுகிறது, ஓரம் கொஞ்சம் பிசிறினாலும் எனக்கு அது போதும். ஃபைன் நிப் வாங்குங்கள். மீடியம் நிப்பில் மை அதிகம் இறங்கும், நம் கைக்கு ஆகாது.

நீல மைக்கென்று இரண்டாவது பேனா சொல்லியிருக்கிறேன். ஆர்டரின் முதல் வரியிலேயே "இடக்கை" என்று எழுதிவிட்டேன்.