கீன்பாக் நோய்: ரேடியஸைக் குறுக்குவதா, மூன்று எலும்புகளை அகற்றுவதா?

மணிக்கட்டின் நடுவிலுள்ள லூனேட் எலும்பு இரத்த ஓட்டம் குன்றிச் செத்துப்போகும் நோயை 1910-இல் விவரித்தவர் வியன்னாவின் கதிரியக்க மருத்துவர் ராபர்ட் கீன்பாக். என் வலது கையில் அது தெரியவந்தபோது லூனேட் சரியத் தொடங்கியிருந்தது. மற்ற எலும்புகள் இன்னும் இடம் மாறவில்லை. எக்ஸ்ரேயில் அது மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. மூன்று வழிகள் சொல்லப்பட்டன. முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸைக் குறுக்கும் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தேன்.

இரத்தக் குழாயுடன் கூடிய எலும்புத் துண்டை லூனேட்டுக்குள் பதிக்கும் முறை, நோயின் மூலத்தையே தொடுவதால் கவர்கிறது. ஆனால் அது மிக நுட்பமான வேலை; லூனேட்டின் ஓடு உடைந்திருந்தால் பயனும் குறைவு. அதைச் செய்துகொண்டவர் எவருடனும் நான் பேசியதில்லை என்பதால் மேற்கொண்டு தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை.

மணிக்கட்டின் முதல் வரிசை எலும்புகளான ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைகுவெட்ரம் மூன்றையும் அகற்றினால் எலும்பு ஒட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லூனேட் அடியோடு சிதைந்தவர்களுக்கு அது நல்ல வழியே. ஆனால் அசைவும் பிடியின் வலுவும் குறையும். அடுத்த வரிசையிலுள்ள கேபிடேட் எலும்பின் தலை ரேடியஸின் குழியில் நேரடியாக உராய்வதால், இளம் வயதினருக்குப் பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரக்கூடும்.

முன்கையின் மற்றோர் எலும்பான, சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா ரேடியஸைவிடக் குட்டையாக இருப்பவர்களுக்குப் பாரம் ரேடியஸ் வழியாக லூனேட்டின் மேல் கூடுதலாக இறங்குகிறது. ஆகவே ரேடியஸில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அறுத்தெடுத்து, பிளேட்டும் ஸ்குரூவும் வைத்துப் பொருத்துகிறார்கள். என்னைத் தீர்மானிக்க வைத்தது, அந்த வெட்டு முன்கையில்தான் விழுகிறது, மணிக்கட்டு மூட்டு திறக்கப்படுவதே இல்லை என்பதுதான். லூனேட் மேலும் சரிந்தாலும், மூன்று எலும்புகளை அகற்றுவதும், ஸ்கேஃபாய்டையும் கேபிடேட்டையும் இணைப்பதும், கடைசி வழியாக மணிக்கட்டு முழுவதையும் அசையாதபடி இணைத்துவிடுவதும் கைவசம் அப்படியே இருக்கின்றன. எலும்புகளை முதலிலேயே எடுத்துவிட்டு அது பலிக்காமல் போனால், பெரும்பாலும் முழு இணைப்புதான் மிஞ்சும். உழைத்துப் பிழைக்க வேண்டிய ஆண்டுகள் பல இருக்கும்போது இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இதற்கும் விலை உண்டு. எலும்பு ஒட்டும்வரை பாரம் தூக்கக் கூடாது. புகைபிடிப்பவர்களுக்கு ஒட்டுவது தாமதமாகலாம். பிளேட் உறுத்தினால் அதை எடுக்க மறுபடி ஆபரேஷன். என் லூனேட் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் ஈரத் துணியைப் பிழிய முடிகிறது. உள்ளங்கையைத் தரையில் ஊன்றி எழும்போது மட்டும் வலிக்கிறது. பத்தாண்டு கழித்து எப்படியிருக்கும் என்பதை என் கையை வைத்து இப்போதே சொல்ல இயலாது.

அல்னா சமமாகவோ நீளமாகவோ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அவர்களுக்குக் கேபிடேட்டைக் குறுக்குவது போன்ற வேறு வழிகள் உண்டு. முன்கை புரண்டால் அல்னாவின் அளவும் மாறித் தெரியும் என்பதால், முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிச் செங்கோணத்தில் மடக்கி எடுத்த எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த முடிவுக்கு வர வேண்டும்.