வானம் காயும்வரை நிற்காத மூடி: ஓர் ஓவியப் பெட்டியோடு நாலு வருடம்

போன வாரம் லேத் பட்டறையிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. அன்று ராத்திரியே கோயம்புத்தூரிலிருந்து கல்லூரி ஜூனியர் ஒருவன் போன் செய்தான். "அண்ணே, ஸ்பாட்டுக்குத் தூக்கிட்டுப் போவீங்களே ஒரு பெட்டி, அது இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?" வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எனக்கு அப்படி முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பெட்டி என்ன மரம், எத்தனை அறை, எத்தனை கிலோ என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறது. வாட்டர்கலருக்கென்று செய்தது, ட்ரைபாட் மேல் மாட்டுவது, மூடியைத் திறந்தால் அதுவே பலகை. அவ்வளவு தெரிந்தால் போதும். 2021 மார்ச்சில் ட்ரைபாடோடு சேர்த்து 14,500 ரூபாய் கொடுத்தேன். பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியருக்கு அது சின்னப் பணம் இல்லை. வீட்டில் ஒரு மாதம் பேச்சு கேட்டேன்.

நான் பேச வந்தது அதன் கீலைப் பற்றி.

மூடியைப் பெட்டியோடு சேர்க்கிற அந்த இரண்டு கீல்களும் உரசலால் நிற்பவை. எந்தக் கோணத்தில் விடுகிறோமோ அங்கேயே நிற்கும் என்பதுதான் விளம்பரமே. ஆயில் பெயின்ட் செய்கிறவர்களுக்கு நிற்கவும் செய்யும். கொஞ்சம் சரிந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் போய்விடாது, கையால் தூக்கிவிட்டுத் தொடரலாம். வாட்டர்கலரில் சாய்வுதான் பாதி வேலை. பலகையைப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்து வைத்து, மேலிருந்து வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணத்தை, இழுத்துக்கொண்டு வருவோம். ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் தண்ணீர் ஒரு திரையாகத் திரண்டு தொங்கும். அடுத்த இழுப்பு அதைத் தொட்டுக் கீழே கூட்டிக்கொண்டு போகும். கடைசியில் மிஞ்சுவதைப் பிழிந்த பிரஷால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம் தாளில் வரைந்த வானம் காயும்வரை பலகை அசையக் கூடாது. இடையில் பலகை மட்டமாகப் படுத்துவிட்டால், கீழே தேங்கிய தண்ணீர் பாதி காய்ந்த வண்ணத்துக்குள் மேல்நோக்கி ஊறும். நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் பூ மாதிரி ஒரு கறையை விட்டுவிட்டுக் காயும். அதைத் திருத்த வழியே கிடையாது.

வாங்கின முதல் ஏழு மாதம் எனக்கு இந்தக் குறை தெரியவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. சித்திரை வைகாசியில் ஒன்பது மணிக்கு மேல் கும்பகோணத்தில் ஒரு வாஷ் இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிடும். கீல் சரிவதற்குள் வானம் உறைந்துவிடுகிறது. குறை வெளியே வந்தது ஐப்பசியில். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் இருபது நிமிஷம் ஆனாலும் காகிதம் பளபளவென்று நனைந்தே இருக்கும். கீலுக்கு அந்த இருபது நிமிஷம் தாராளம்.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகாமகக் குளத்தின் தென்கரையில் வடக்கே பார்த்து நின்றேன். எதிரே காசி விசுவநாதர் கோயில் கோபுரம், அதன் முன்னால் கரையோர மண்டபங்கள், குளத்தில் எல்லாம் தலைகீழாக. ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. கிழக்கில் மட்டும் மேகம் கொஞ்சம் விலகி, கோபுரத்தின் வலது விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று விழுந்திருந்தது. வருஷத்துக்கு நாலு நாள் கிடைக்கிற வெளிச்சம் அது. கோபால்ட் ப்ளூவில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து வானத்தை இறக்கினேன். கோபுரத்தின் விளிம்பை வெட்டிக்கொண்டு வந்த வாஷ் மாதிரி அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. மிச்சத் தண்ணீரை உறிஞ்ச பிரஷைத் துணியில் துடைத்தேன். திரும்பிப் பார்த்தால், கோபுரத்து உச்சியில் தொங்கிய நீர் மேலே நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன், மூடி தன் பாட்டுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருக்கிறது. சத்தமே இல்லை. கடிகார முள் நகர்கிற மாதிரி, பார்க்கும்போது நகர்வது தெரியாது. கையால் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் மறுபடி கீழே வழிந்து கோபுரத்துக்குள் இறங்கிவிட்டது. அவ்வளவுதான், அந்த வெளிச்சம் போய்விட்டது.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை.

அதற்கப்புறம் என்னென்ன செய்தேன் என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ஆலன் கீ போட்டு இறுக்கினேன். இரண்டு வாரம் நின்றது, மறுபடி தளர்ந்தது. இன்னும் இறுக்கியபோது கீலைப் பிடித்திருந்த மரத்திருகு பிளைவுட்டை அரைத்துக்கொண்டு சும்மா சுற்ற ஆரம்பித்தது. ஓட்டையில் பல்குத்தும் குச்சியும் ஃபெவிகாலும் வைத்து அடைத்து மறுபடி முடுக்கினேன். மூடிக்கு அடியில் மரத்துண்டு முட்டுக் கொடுத்தேன். காற்றடித்தால் அது விழுந்துவிடும். ஒரு தீபாவளி விடுமுறை முழுக்க இடது கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வரைந்தேன். விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். மூன்று வாரம் கழித்து இது வழக்கமான தேய்மானம், உத்தரவாதத்தில் வராது என்று பதில் வந்தது. ஏழே மாதத்தில் என்ன தேய்மானம்? மூடியை நிறுத்தி வைப்பதைத் தவிர அந்தக் கீலுக்கு வேறு வேலை கிடையாது. அதைச் செய்யாத கீலைத் தேய்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவு கோபம் இருந்தும் நாலு வருடம் ஏன் சுமந்தாய் என்று கேட்டால், அதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பெட்டிக்கு முன்னால் நான் உட்கார்ந்துதான் வரைவேன். படித்துறைப் படியில், மடியில் பரீட்சை அட்டை, பக்கத்தில் தண்ணீர் டப்பா. கல்லூரியில் எல்லோரும் அப்படித்தான் ஸ்டடி, அதாவது நேரில் பார்த்து வரைகிற பயிற்சிப் படம், செய்தோம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது, தள்ளி நின்று பார்க்க மாட்டோம். ட்ரைபாட் வந்தபிறகு நின்று வரைகிறேன். மூன்று அடி பின்னால் போய்ப் பார்க்கிறேன். அந்த மூன்று அடி இருபது வருஷத்தில் கற்காததைக் கற்றுக்கொடுத்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இருட்டு எங்கே ஒன்றாகச் சேர்கிறது, எந்த விளிம்பு காணாமல் போகிறது என்று நின்றால்தான் தெரிகிறது. முழங்காலுக்கு மேல் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் ஒரே அழுத்தத்தில் வந்து நிற்கும்.

இன்னொன்று, நான் எதிர்பார்க்கவே இல்லாதது. கோடையில் காவிரியில் தண்ணீர் வற்றிவிடும். சக்கரப் படித்துறையில் இறங்கி மணலில் நடந்து ஆற்றின் நடுவிலேயே பெட்டியை நிறுத்தலாம். ட்ரைபாட் கால்கள் மணலில் ஒரு சாண் இறங்கிக் கெட்டியாக நின்றுகொள்ளும். அங்கிருந்து படித்துறையைத் திரும்பிப் பார்க்கும் பார்வை, படியில் உட்கார்ந்து வரைந்த அத்தனை வருஷமும் எனக்குக் கிடைத்ததே இல்லை. படிகள் ஒவ்வொன்றும் வெயிலில் ஒரு கோடு, நிழலில் ஒரு கோடு. ஜூனில் மேட்டூர் திறந்து கொஞ்ச நாளில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த இடம் அடுத்த வருஷம்தான். இந்த நாலு கோடையில் அங்கே நின்று மட்டும் எழுபத்து மூன்று ஸ்டடி செய்திருக்கிறேன்.

அளவும் எனக்குப் பிடித்துப்போனது. மூடியில் அரைக்கால் ஷீட்தான் உட்காரும். 22க்கு 30 இன்ச் முழு ஷீட்டை எட்டாகக் கிழித்தால் வருகிற ஏழரைக்குப் பதினொன்று. ஆரம்பத்தில் சின்னதாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டேன். இப்போது அதற்காகவே நன்றி சொல்கிறேன். கால் ஷீட் என்றால் படம் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். ஜன்னல் கம்பி வரைக்கும் எண்ணிக்கொண்டிருப்போம். அரைக்காலில் ஸ்டடி ஸ்டடியாகவே இருக்கும். ஒரு காலையில் ஒரே இடத்தை மூன்று முறை, முக்கால் மணிக்கு ஒன்றாகச் செய்யலாம். நல்ல காட்டன் காகிதத்தின் விலைக்கு இது பெரிய உதவி.

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 22ல் லண்டன் பக்கம் ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் காகிதத்தில் வரைந்து தள்ளினார். பலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று எந்தத் திசை என்று குறித்து வைத்தார். அவற்றை அவர் விற்கிற படங்களாக நினைக்கவில்லை, வானத்தைத் தெரிந்துகொள்வதற்காகச் செய்தார். கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது பரீட்சைக்குப் படித்ததோடு சரி. இந்தப் பெட்டியில் சின்னச் சின்னதாகச் சேர ஆரம்பித்த பிறகுதான் நானும் பின்னால் எழுதத் தொடங்கினேன். தேதி, மணி, காற்று, அதோடு வாஷ் காய எத்தனை நிமிஷம் என்பதும். கீல் எப்போது காலை வாரும் என்பதைக் கண்டுபிடித்ததே அந்தக் குறிப்புகளை வைத்துத்தான். எட்டு நிமிஷத்துக்கு மேல் போன ஸ்டடி எல்லாவற்றிலும் காலிஃபிளவர் இருந்தது.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். டெல்டாவில் வரைய மிக நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. சம்பா நட்ட வயலில் தண்ணீர் நிற்கும். வானம் தரையிலும் இருக்கும். தாராசுரம் தாண்டிப் போனால் பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவில் பெயரே இல்லாத நிறங்கள் வரும். அல்ட்ராமரைன் நீலம் காகிதத்தின் குழிகளில் மெதுவாக இறங்கிப் பொடிப்பொடியாகப் படிவது அந்த ஈரத்தில்தான் அழகு. மெதுவாகக் காய்வது அந்தக் காலம் தருகிற வரம். அதே மாதங்களில்தான் இந்தப் பெட்டி கைவிட்டது. கோடையில் என்னோடு நின்றது, மழையில் இல்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலெட்டின், அதாவது வண்ணம் குழைக்கிற தட்டின், எனாமல் நன்றாக இருக்கிறது, கறை பிடிக்கவில்லை. தேன் கலந்த டியூப் வண்ணங்களை இதில் போட்டு மூடாதே. மழைக்காலத்தில் அவை காயாமல் இளகி, பெட்டியைச் செங்குத்தாகத் தூக்கினால் பக்கத்து அறைக்கு வழிந்துவிடும். அடியில் இருப்பது கால் இன்ச் திருகு. கேமரா ட்ரைபாட் எதுவும் பொருந்தும், பெட்டி விற்கிறவர்களின் ட்ரைபாடை வாங்க வேண்டியதில்லை. தோள் பட்டை ஒரு வருஷத்தில் பிய்ந்தது, தையல்காரரிடம் கொடுத்துக் கித்தானில் தைத்துக்கொண்டேன்.

இனி பட்டறை. ஸ்கூட்டர் பாகங்கள் கடைகிற சின்ன லேத் பட்டறை. ஒரு காலையில் சலித்துப்போய்ப் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தேன். பட்டறைக்காரர் மூடியை இரண்டு முறை தூக்கி விட்டுப் பார்த்தார். கீலைக் கழற்றி உள்ளேயிருந்த வெள்ளை வாஷரை நகத்தால் தடவினார். "நைலான் சார். கண்ணாடி மாதிரி வழுக்குது. இறுக்க இறுக்க இன்னும் வழவழப்பாத்தான் ஆகும்" என்றார். சைக்கிள் பம்ப்புக்குப் போடுகிற தோல் வாஷரை எடுத்து அளவுக்கு வெட்டினார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஆலன் திருகுக்குப் பதில் போல்ட்டும் விங் நட்டும் போட்டு, மரத்திருகு இருந்த இடத்தில் முழுக்கத் துளைத்துப் பின்பக்கம் ஒரு தகடு கொடுத்து முடுக்கினார். நாற்பது நிமிஷ வேலை. "முப்பது ரூபா கொடுங்க சார்" என்றார். நான் நூறு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மகாமகக் குளத்துக்கே போனேன், அதே தென்கரை. வேண்டுமென்றே தண்ணீரை அதிகம் வைத்து வானத்தை இறக்கினேன். பென்சிலால் மூடியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பதினெட்டு நிமிஷம். கோடு அசையவில்லை. வானம் விளிம்பு வரை சீராகக் காய்ந்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. முப்பது ரூபாய்த் தோல் துண்டு. அது இல்லாமல் நாலு மழைக்காலம். பின்பக்கக் குறிப்புகளைப் பார்த்து எண்ணினேன், இந்தக் கீலால் மட்டும் கெட்டவை நூற்றுப் பதினொன்று. காகிதம் போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வெளிச்சங்கள் போனதை என்ன செய்ய?

அதனால் தம்பி, வாங்காதே. விலை இறங்கினாலும் வாங்காதே. நான் மேலே சொன்ன நல்லதெல்லாம் உண்மை, ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் இந்தக் கீலோடு இதை விற்கிறவர்களுக்கு உன் பணம் போகக் கூடாது என்று நினைக்கிறேன். உன்னிடம் கேமரா ட்ரைபாட் இருக்கிறது. ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் கால் இன்ச் நட் பதித்துத் தரச் சொல்லி ஆசாரியிடம் கேள். அது நிற்கும், நீயும் நிற்கலாம், மூன்று அடி பின்னால் போய்ப் பார்க்கலாம். மீதிப் பணத்துக்குக் காகிதம் வாங்கு.

இதைப் படித்துவிட்டு, "அப்ப உங்க பெட்டியை எனக்குக் கொடுத்துடுங்கண்ணே, கீல்தான் சரியாயிடுச்சே" என்று நீ கேட்பாய். தர முடியாது. ஐப்பசி பிறக்கட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் வா. காலை அஞ்சே முக்காலுக்குத் தாராசுரம் போகலாம். உன் பலகையைக் கொண்டு வா, பெட்டியை நான் எடுத்து வருகிறேன்.