10 கிராம் மோனோஃபிலமென்ட்: பாத நரம்புச் சோதனைக்குப் போதுமா?

கைப்பிடியில் செருகிய ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். ஆனால் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போவதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரக் கருவி. பெருவிரல் நுனியிலும் 1, 3, 5ஆம் விரல்களின் அடிமேட்டிலும் செங்குத்தாக வைத்து, இழை வளையும்வரை (அப்போது 10 கிராம் விசை விழும்) அழுத்தி, ஒன்றிரண்டு விநாடியில் எடுக்க வேண்டும். நோயாளி கண்ணை மூடியபடி, தொடுவது தெரிந்தால் சொல்லட்டும். காய்ப்பின்மேல் வைத்தால் முடிவு தப்பு.

பெரிய குறை, இழை களைத்துப்போவது. தொடர்ந்து பத்துப் பேரைச் சோதித்தால் தளர்ந்து, குறைந்த விசையிலேயே வளையும். அந்த லேசான தொடுதல் உணரப்படாமல் போக, நல்ல நரம்பும் கெட்டதாகத் தெரியும். ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். கோணிய இழையை எறிந்துவிடுங்கள்.

தடித்த நரம்பிழைகளை மட்டுமே இது சோதிக்கும். எரிச்சலோடு தொடங்கும் மெல்லிழைப் பாதிப்பு தப்பிவிடும். அதற்குக் குண்டூசி, சூடு-குளிர்ச்சிச் சோதனைகள் வேண்டும்.