துபாயா, அமெரிக்காவா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் அக்கா மகன் இப்போது ஏர்பஸ் விமானம் ஓட்டுகிறான். விமானி வேலைக்கு எங்கே போகலாம் என்று, போன வாரம் ஒட்டுக்கடை மேசையில் பறந்த மணிக்கணக்கு எழுதும் லாக்புக்கை விரித்து வைத்துக்கொண்டு அவன் கேட்ட கேள்வி இது.

விசா: துபாயில் வேலை கிடைத்தால் கம்பெனியே எடுத்துக் கொடுக்கும். அமெரிக்காவில் ஆஸ்திரேலியர்களுக்கு ஈ-3 என்று தனி வேலை விசா உண்டு, மலேசியர்களான நமக்கு இல்லை. மற்ற நாட்டவருக்கான எச்-1பி வேலை விசா விமானிகளுக்குக் கிடைப்பது அபூர்வம்.

லைசென்ஸ்: அமெரிக்காவில் ஏடிபி என்ற விமான நிறுவன விமானி லைசென்ஸ் எடுக்கப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

சம்பளம்: துபாயில் வருமான வரி கிடையாது.

நிலைப்பு: இங்கேதான் துபாய் இடிக்கிறது. வேலை போனால் விசாவும் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கும். அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் கிரீன் கார்டு இருந்தால் அந்தப் பயம் இல்லை.

அம்மாவுக்குச் சீக்கிரம் வீடு வாங்கணும்னா துபாய்க்குப் போய்யா என்றேன். குடும்பத்தோடு குடியேறத்தான் ஆசையென்றால், மலேசியாவிலேயே பறந்துகொண்டு கிரீன் கார்டுக்கு வழி பார்க்கட்டும்.