ஆன்சிபிள் 'வார்ஸ்' லுக்கப்: நல்ல ஐட்டம்தான், ஆனா எல்லா இடத்துலயும் போடாதீங்க

சர்வர்கள ஆட்டோமேட்டிக்கா செட் பண்ற டூல்தான் ஆன்சிபிள். அதுல டேட்டாபேஸ் போர்ட்டுக்கு டிபி_போர்ட்_ப்ராட், டிபி_போர்ட்_ஸ்டேஜ்னு ரெண்டு வேரியபிள் இருக்கு, என்வ்ங்கற வேரியபிள்ல (ப்ராடா, ஸ்டேஜா, எந்த சூழல்னு சொல்றது) என்ன வருதோ அதுக்கு ஏத்தத எடுக்கணும், இவ்ளோதான் வேலை. புதுசா வர்றவங்க பாதி பேர் ரெட்டை பிராக்கெட்டுக்குள்ள இன்னொரு ரெட்டை பிராக்கெட் சொருகி பாப்பாங்க, ஜிஞ்சா (ஆன்சிபிள் யூஸ் பண்ற டெம்ப்ளேட் மொழி) எரர் அடிச்சு துரத்திடும்.

இதுக்குன்னே ஆன்சிபிள் 2.5ல வந்ததுதான் வார்ஸ் லுக்கப், பேர ஸ்ட்ரிங்கா குடுத்தா அந்த வேரியபிளோட வேல்யூவ எடுத்துத் தரும். 'டிபி_போர்ட்_'ங்கற ஸ்ட்ரிங்க டில்டா (~) போட்டு என்வ்வோட ஒட்டி லுக்கப்புக்கு குடுத்தா வேல்யூ வந்துடும், அவ்ளோதான். ஹோஸ்ட்வார்ஸ் (ஒவ்வொரு சர்வரோட வேரியபிள்களும் இருக்கற டிக்ஷனரி) வழியா எடுக்கற பழைய டெக்னிக் இப்பவும் ஓடும், ஆனா ப்ளேல (எந்த சர்வர்ல என்ன வேலை ஓடணும்னு எழுதற பகுதி) வார்ஸ்னு போட்டு வச்சத அது பாக்காது, இன்வென்டரில (சர்வர் லிஸ்ட்) இருக்கறது, ஃபேக்ட்ஸ் (சர்வர்கிட்டேந்து ஆன்சிபிள் திரட்டற தகவல்), செட்_ஃபேக்ட்ல (ரன் நடுவுல வேரியபிள் வைக்கறது) வச்சது, இதெல்லாம்தான் அதுக்கு தெரியும். அந்த வகையில லுக்கப் எவ்ளோவோ மேல்.

கடுப்பேத்தறது லுக்கப்போட டிஃபால்ட் ஆப்ஷன், பேர் கிடைக்கலன்னா பதிலுக்கு எடுத்துக்கற வேல்யூ. அது இல்லாம விட்டா, பேர் கிடைக்கலன்னா ப்ளே அங்கயே நிக்கும், அதுதான் நல்லது. 5432ன்னு டிஃபால்ட் குடுத்துட்டீங்க, யாரோ என்வ்ல ப்ரீ-ப்ராட்னு நடுவுல ஹைஃபன் போட்டு அனுப்புறாங்கன்னு வைங்க. வேரியபிள் பேர்ல ஹைஃபனே வரக்கூடாது, அதனால நீங்க அண்டர்ஸ்கோர் போட்டு வச்ச வேரியபிள் இதுக்கு மாட்டவே மாட்டாது, சத்தமே இல்லாம 5432 போய் உக்காந்துக்கும், ரன் முழுக்க பச்சையா காட்டும், அப்புறம் ஆப் ஏன் கனெக்ட் ஆகலன்னு ஃபயர்வால்காரங்கள திட்டிட்டு இருப்பீங்க. போர்ட், பாஸ்வேர்டுக்கெல்லாம் தயவுசெஞ்சு டிஃபால்ட் வேணாம்.

இன்னொன்னு, வேரியபிள் டிக்ஷனரியா இருந்தா, லுக்கப்புக்கு குடுக்கற பேருக்குள்ள புள்ளி வச்சு உள்ள இறங்க முடியாது, லுக்கப்ப மூடிட்டு அப்புறம்தான் புள்ளி. இதே மாதிரி இன்னொரு டூலான பப்பெட்ல, 6லேந்து கெட்வார்ங்கற ஃபங்ஷன் உள்ளயே வருது, அதுல புள்ளி போட்டே ஆழமா போகலாம், இந்த விஷயத்துல பப்பெட் பாஸ்.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். ஒன்னரைய குறைச்சதுக்கு காரணம் கிரெப், அதாவது கோடுக்குள்ள பேர தேடறது. டிபி_போர்ட்_ஸ்டேஜ்னு ரெப்போ முழுக்க தேடினா டிக்ளேர் பண்ண ஃபைல் மட்டும்தான் சிக்கும், யூஸ் பண்ற இடம் சிக்காது, எவனாவது யாரும் யூஸ் பண்ணலன்னு டெலீட் பண்ணிடுவான். வேரியபிள் உங்க கைல இருக்கறதுன்னா டிபி_போர்ட்னு ஒரே டிக்ஷனரி வச்சு அதுக்குள்ள ப்ராட், ஸ்டேஜ்னு கீ போட்டுட்டு போங்க. வேற யாரோ எழுதின ரோல் (திரும்பத் திரும்ப யூஸ் பண்ற ஆன்சிபிள் கோடு தொகுப்பு), பேர மாத்த வழியில்ல, அந்த மாதிரி இடத்துக்கு மட்டும் லுக்கப்.