மொட்டை மாடி ஒழுகலுக்கு ஆள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

வில்லிவாக்கத்தில் அப்பா 1989-ல் கட்டிய வீடு எங்களுடையது. மொட்டை மாடி 700 சதுர அடி. அந்தக் காலத்து வழக்கப்படி காங்கிரீட் தளத்துக்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்திருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு சொட்டு இறங்கியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்த பிறகுதான் ஹால் மூலையில் ஈரம் படர ஆரம்பித்தது. போன ஆடியில், சாயங்கால மழைக்கே ஃபேனுக்குப் பக்கத்தில் சொட்டியது. ஐப்பசிக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். அந்த அவசரத்தில்தான் ஏமாந்தேன்.

நோட்டீஸைப் பார்த்துக் கூப்பிட்டதும் மறுநாளே ஒருவர் வந்தார். மாடியில் ஐந்து நிமிடம் நின்றார். “மேடம், உங்க வெதரிங் கோர்ஸ் போயிடுச்சு. மேல மெம்ப்ரேன் போட்டா பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல” என்றார். குவோட்டேஷனிலும் அதையே எழுதிக் கொடுத்தார்: வெதரிங் கோர்ஸ் ட்ரீட்மென்ட், 1 மி.மீ. பாலிமர் மெம்ப்ரேன், 10 வருட கியாரண்டி, சதுர அடிக்கு 110 ரூபாய். மொத்தம் 77,000. அட்வான்ஸாக 50,000 வாங்கிக்கொண்டார்.

வெதரிங் கோர்ஸ் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. தளத்துக்கு மேல் இருக்கிற அந்தச் சுண்ணாம்பு ஜல்லி அடுக்கும் தட்டோடும் சேர்ந்ததுதான் அது. அது தெரியாததால், “போயிடுச்சு” என்று சொன்ன அதே அடுக்கை அவர் தொடவே இல்லை என்பதும் எனக்குத் தெரியாமல் போனது.

வேலை இரண்டே நாள். முதல் நாள் துடைப்பத்தால் பெருக்கி, தட்டோட்டு இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டை இழுகினார்கள். அன்று ராத்திரி மழை. மறுநாள் காலையில் ஓடெல்லாம் ஊறிப்போய்க் கறுத்துக் கிடந்தது. பழந்துணியால் துடைத்துவிட்டு உருளையை எடுத்தார்கள். “ஈரமா இருக்கே தம்பி?” என்று கேட்டேன். “வெயில் வந்தா காஞ்சிடும் மேடம்.” சாயங்காலம் மாடி வெள்ளை வெளேர் என்று இருந்தது. பார்க்க நன்றாக இருந்ததால் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி முதல் மழையில் அம்மா படுக்கும் அறையிலும் சொட்டியது. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலை நகர்த்தி, கீழே எவர்சில்வர் அண்டாவை வைத்தோம். விடிந்ததும் மேலே போய்ப் பார்த்தால் வெள்ளைப் பூச்சு இடம் இடமாகக் கொப்புளம் விட்டிருந்தது. ஒன்றை நகத்தால் நெம்பினேன். பால் மேல் ஏடு வருகிற மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் செம்மண் நிறத்தில் தூசி, அதற்கும் அடியில் ஈரம்.

தெருவில் வேறு வீட்டு வேலைக்கு வந்திருந்த வயதான கொத்தனார் ஒருவரைக் கெஞ்சி அழைத்து வந்தேன். அவர் சுத்தியல் பிடியால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். சில இடங்களில் கெட்டியாகக் கேட்டது, பல இடங்களில் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். “ஓடு விட்டுப்போச்சும்மா. உள்ள ஜல்லி தண்ணி குடிச்சிருக்கு. அதுமேல இத அடிச்சா எப்படிப் புடிக்கும்? வெயில்ல உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி மேல தள்ளும்.” அப்பா காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து அந்த ஜல்லியை இறுக்குவார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மரியாதை, என்னிடம் பணம் வாங்கியவரின் பேச்சில் ஒரு இடத்திலும் இல்லை.

அப்புறம் ஒரு வாளித் தண்ணீரைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஊற்றச் சொன்னார். அது குழாய் வாய்க்குப் போகாமல் மூலையிலேயே தேங்கி நின்றது. தண்ணீர் ஓடுவதற்கான சரிவைத்தான் ‘வாட்டம்’ என்கிறார்கள். வாட்டம் சரியில்லாத இடத்தில் எந்தக் கெமிக்கலைப் பூசினாலும் பலன் இருக்காது. தளமும் சுவரும் சேர்கிற மூலையில் சிமெண்டை வளைவாக உருட்டி, பூச்சைச் சுவரிலும் அரை அடியாவது ஏற்றியிருக்க வேண்டும். எங்கள் மாடியில் பூச்சு சுவர் ஓரத்தோடு நின்றிருந்தது. தண்ணீர் இறங்கியதே அந்த மூலையில்தான்.

‘மெம்ப்ரேன்’ என்ற ஒரே வார்த்தையை இரண்டு பொருளுக்குச் சொல்கிறார்கள். ஒன்று, நெருப்புக் காட்டி ஒட்டுகிற தார் ஷீட், 3 அல்லது 4 மி.மீ. கனம். இன்னொன்று, பூசிக் காயவிடுகிற திரவம். இரண்டாவதைச் சொன்னால் எத்தனை லிட்டர் என்று கட்டாயம் கேளுங்கள். 700 சதுர அடி என்பது சுமார் 65 சதுர மீட்டர். காய்ந்த பிறகு 1 மி.மீ. நிற்க வேண்டுமானால் குறைந்தது 65 லிட்டர் வேண்டும். அந்தத் திரவத்தில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போவதால் உண்மையில் அதைவிட அதிகம். எங்கள் வீட்டில் அவர்கள் விட்டுப்போனது இரண்டு காலிப் பக்கெட், ஒவ்வொன்றும் 20 லிட்டர். குழாயடியில் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த அந்தப் பக்கெட்டுகள் மேல் எழுதியிருந்ததை அன்றுதான் படித்தேன். ‘கூல் ரூஃப்’ பூச்சு. வெயில் சூட்டைக் குறைக்க அடிப்பது.

போன் செய்தால், “கியாரண்டி மெட்டீரியலுக்குத்தான் மேடம், சீபேஜுக்கு இல்ல” என்றார். சீபேஜ் என்றால் நீர்க்கசிவு. வேண்டுமானால் மேலே இரண்டு அங்குலம் காங்கிரீட் போட்டுத் தருவதாகவும் சொன்னார். தயவுசெய்து இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 700 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் காங்கிரீட் என்றால் ஏழு டன்னுக்கு மேல் எடை. பழைய அடுக்கை எடுக்காமல் அதையும் பழைய தளத்தின் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அந்தக் கொத்தனாரே பதறிப்போனார்.

பில் கேட்டிருந்தேன், கடைசிவரை தரவில்லை. ஜிபே ரசீது, கையெழுத்துப் போட்ட குவோட்டேஷன், பக்கெட் போட்டோ எல்லாம் கைவசம் இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே மனுப் போடலாம்.

இப்போதைக்கு மாடியில் தார்ப்பாய் விரித்திருக்கிறோம். தை பிறந்து தளம் நன்றாகக் காய்ந்ததும் ஓடுகளைப் பெயர்த்து, ஜல்லியை எடுத்து, வாட்டம் பார்த்துப் புதிதாகப் போடப்போகிறோம். வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்து, கீழே ஈரம் தெரியவில்லை என்றால்தான் கடைசித் தவணை. இந்த முறை அதைக் குவோட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிட்டேன். உங்களில் யாருக்காவது குவோட்டேஷனில் புரியாத வார்த்தை இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தக் கொத்தனாரிடம் கேட்டுச் சொல்கிறேன்.