அம்மாவின் முழங்காலும் இரண்டு ஆஸ்பத்திரிகளும்

இந்த முறை லீவு போட்டு ஊருக்கு வந்ததே அம்மாவின் முழங்காலுக்காகத்தான். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக அவர் இறங்குவதை வீடியோ காலில் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

முதலில் போன ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கும் முன்பே ஒருவர் எங்களை உட்காரவைத்து பேக்கேஜை விளக்கினார். ஸ்கேனில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். சின்னத் துளை போட்டு, மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பியில் சுத்தம் செய்துவிட்டால் மறுநாளே வீட்டுக்குப் போகலாமாம். தழும்பே தெரியாது என்று மூன்று தடவை சொன்னார். வலி குறையுமா என்று அம்மா கேட்டதற்கு மட்டும் நேரான பதில் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. தேய்ந்த மூட்டை இப்படிக் கழுவிவிடுவதில் பலனில்லை என்று 2002-லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். வலியில் அவர்களுக்கும், நிஜமாகவே உள்ளே சுத்தம் செய்யப்பட்ட மற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 2017-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதலும் தேய்மான மூட்டுக்கு இது வேண்டாம் என்று அழுத்திச் சொன்னது.

அப்புறம் இன்னொரு இடம். அங்கே டாக்டர் அம்மாவை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். உடம்பின் பாரம் இறங்கினால்தான் மூட்டில் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று தெரியுமாம். உள்பக்கம் எலும்போடு எலும்பு ஒட்டியிருந்த இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். வெளிப்பக்கம் நன்றாகவே இருந்தது. காலை மடக்கி, இழுத்துப் பார்த்து, தசைநார் உறுதியாக இருக்கிறது என்றார். "உள்பக்கம் மட்டும் மாத்தினா போதும்மா." பாதி மூட்டு மாற்று. கீறல் சின்னது, தொடைத் தசைக்கும் சேதம் குறைவு. ஆனால் முழு மாற்றைவிட இதில் பிற்காலத்தில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு அதிகம் என்பதையும் நாங்கள் கேட்காமலே சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மூட்டு மாற்று அறுவையில் பயன்படுத்தும் ரோபோவைப் பற்றியும் கேட்டேன். எங்கே திரும்பினாலும் அந்த விளம்பரம்தானே. 2013-இல் செயற்கை மூட்டு செய்யும் ஸ்ட்ரைக்கர் நிறுவனம் மேக்கோ என்ற ரோபோ கம்பெனியை வாங்கியபின் மற்ற பெரிய செயற்கை மூட்டுக் கம்பெனிகளும் ஆளுக்கொரு ரோபோவோடு வந்துவிட்டன. பெரும்பாலும் அந்தந்த ரோபோவில் அந்தந்தக் கம்பெனியின் மூட்டைத்தான் பொருத்த முடியும். அதனால் மெஷின் வாங்கிய ஆஸ்பத்திரி அந்தக் கம்பெனியோடு கட்டுண்டுவிடுகிறது. எலும்பைத் திட்டமிட்ட அளவில் வெட்ட அது உதவும், கீறலைச் சிறிதாக்குவது அதன் வேலை இல்லை என்றார் டாக்டர். சில வகைகளில் எலும்பில் உலோக ஊசி பதிக்கத் தனியாகத் துளையே போடுகிறார்களாம்.

ஆபரேஷன் காலையில் முடிந்தது. சாயங்காலமே பிசியோதெரபிஸ்ட் பெண் வாக்கரோடு வந்துவிட்டார். "அம்மா, முதல்ல வாக்கர், அப்புறம் ஆபரேஷன் செஞ்ச கால், அப்புறம் நல்ல கால்." ஜன்னல்வரை எட்டு அடி. அம்மாவின் விரல்கள் வெளுக்கும் அளவுக்குப் பிடி இறுகியிருந்தது, ஆனாலும் நடந்தார். இன்று ஆட்கள் சீக்கிரம் வீடு திரும்புவதற்குக் கீறலின் அளவைவிட, நரம்பை மரக்கவைக்கும் ஊசி, ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து, அன்றைக்கே எழுப்பி நடக்கவைப்பது இவைதான் காரணம் என்பது என் எண்ணம். பேக்கேஜ் விளக்கியவர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

ஒரே குறை, டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த பயிற்சித் தாள் முழுக்க ஆங்கிலம். அம்மாவுக்குப் படிக்க வராது. தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் வரி: காலை நீட்டி, முட்டியைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணு.